வன்னிக் காட்டு நடையில் நேரும் விளங்காத அனுபவங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இலங்கையின் வடக்கே உள்ள வன்னியில், ஒட்டுசுட்டானுக்கும் நெடுங்கேணிக்கும் இடையில் ஒரு சிறிய ஊரில் பிறந்தவன். அப்பு தேன் எடுத்தார். பெரியப்பா மாட்டுப்பட்டி வைத்திருந்தார். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவர்கள் இருவருக்கும் பின்னால் காட்டுக்குள் நடந்திருக்கிறேன். இப்போது விடுமுறைக்கு வரும் உறவினர் பிள்ளைகளையும், யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் நடப்பதற்கென்றே வரும் இளைஞர்களையும் பழைய குளங்களுக்கும் காட்டுக்கோயில்களுக்கும் கூட்டிச் செல்கிறேன். போகும்போது அவர்கள் மரத்தின் பெயரும் பறவையின் பெயரும் கேட்பார்கள். திரும்பி வந்து தேநீர் குடிக்கும்போதுதான், குரலைத் தாழ்த்தி, உண்மையான கேள்விகளைக் கேட்பார்கள். அந்தக் கேள்விகளையும் என்னால் சொல்ல முடிந்த பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காட்டில் பயம் வந்தால் அதற்குக் கீழ்ப்படியுங்கள். நில்லுங்கள், அல்லது திரும்புங்கள். காரணத்தை வீட்டுக்கு வந்து தேடிக்கொள்ளலாம்.

வன்னியில் மலையே இல்லையே. மலையேறிகள் சொல்லும் அனுபவங்கள் இங்கே எப்படி வரும்?

மலை என்று பெயர் பெற்ற இடங்கள் உண்டு. ஒலுமடுப் பக்கத்து வெடுக்குநாறி மலையைப் போல, காட்டுக்கு நடுவே எழுந்து நிற்கும் பாறைகள் அவை. ஆனால் கேள்வி சரியானதுதான். இந்த வகைக் கதைகளில் உலகப் பெயர் பெற்றது ஸ்கொட்லாந்தின் பென் மக்டூயி என்ற 1309 மீற்றர் உயர மலை. நோர்மன் கொலி என்ற வேதியியல் பேராசிரியர் 1891இல் அதன் உச்சியிலிருந்து மூடுபனிக்குள் தனியே இறங்கி வந்தார். தான் வைக்கும் சில அடிகளுக்கு ஒருமுறை பின்னால் ஒரு பெரிய காலடி விழுவது அவருக்குக் கேட்டது. தன்னைவிட மூன்று நான்கு மடங்கு நீளமாக எட்டு வைத்து யாரோ வருவது போல. அவர் பிடித்தார் ஓட்டம். 1925இல் ஒரு மலையேறிகள் கூட்டத்தில் அதை அவரே சொன்னார். இன்றுவரை அந்த மலையில் ஒரு பெரிய சாம்பல் மனிதன் நடமாடுவதாகப் பேச்சு இருக்கிறது.

மூடுபனி அந்தப் பேராசிரியருக்குச் செய்ததை வன்னியில் மரங்கள் செய்கின்றன. பாலையும் வீரையும் முதிரையும் நெருங்கி நிற்க, அடியில் சூரையும் ஈஞ்சும் மூடிக்கொள்ள, பத்துப் பதினைந்து மீற்றருக்கு அப்பால் எதுவும் தெரியாது. கண்ணுக்கு வேலை இல்லாத இடத்தில் காது அளவுக்கு மீறி வேலை செய்யத் தொடங்கும். மலையிலாவது சரிவு இருக்கிறது. இறங்கிக்கொண்டே போனால் ஒரு ஓடையோ ஊரோ வரும். வன்னித் தரை தட்டை. அது எந்தப் பக்கமும் கைகாட்டாது. அதனால், மலையேறிகள் சொல்வதில் பெரும்பகுதி இங்கேயும் நடக்கிறது என்பதில் எனக்கு வியப்பில்லை.

பின்னால் வரும் காலடியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆடி ஆவணியில் சருகு காய்ந்து கிடக்கும்போது, நாம் மிதித்த சருகு உடனே நிமிர்வதில்லை. கால் எடுத்த பின் மெல்ல நிமிரும். அப்போது ஒரு சத்தம் போடும். பத்து அடி நடந்து சட்டென்று நின்று பாருங்கள். பின்னால் இன்னும் ஓர் அடி விழும். அது உங்கள் அடிதான்.

காட்டில் எல்லாச் சத்தமும் ஒரே நொடியில் நின்றுவிட்டது. அது என்ன?

சில்வண்டுகள் பக்கத்தில் அசைவு தெரிந்தால் வாயடைத்துவிடும். ஒன்று நிற்க அடுத்தது நிற்க, அந்த மௌனம் அலைபோலப் பரவும். பெரும்பாலான நேரத்தில் நீங்கள்தான் அந்த அசைவு. ஆனால் நீங்கள் அசையாமல் நிற்கும்போது அப்படி நடந்தால், வேறு யாரோ நடக்கிறார்கள் என்று பொருள். மந்தி கத்துகிறதா, மான் எச்சரிக்கைக் குரல் கொடுக்கிறதா என்று கேளுங்கள். சிறுத்தையோ கரடியோ கடந்து போகலாம். அப்பு அந்த நேரத்தில் வெற்றிலைப் பையைக் கூடத் திறக்கமாட்டார். சத்தம் திரும்பி வந்த பிறகுதான் அடுத்த அடி.

மூன்று மணி நேரம் நடந்தும் புறப்பட்ட மரத்தடிக்கே திரும்பி வந்தோம். திகைப்பூண்டை மிதித்துவிட்டோமா?

என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். திகைப்பூண்டு என்று ஒரு செடி உண்டு, அதை மிதித்தவனுக்குத் திசை மறந்துபோகும் என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். அந்தச் செடியை எனக்குக் காட்டியவர் யாருமில்லை. ஆனால் அதை மிதித்தவனின் நிலையை நான் நன்றாக அறிவேன், ஏனென்றால் இரண்டு முறை நானே அதில் அகப்பட்டிருக்கிறேன்.

2009இல் யான் சௌமன் என்பவரும் அவரது தோழர்களும் ஜேர்மனியின் ஒரு பெருங்காட்டிலும் சகாராப் பாலைவனத்திலும் ஆட்களை நேராக நடக்கச் சொல்லிச் செய்மதிக் கருவியால் பின்தொடர்ந்தார்கள். சூரியன் தெரிந்தவரை நேராக நடந்தார்கள். மேகம் மூடியதும் வட்டமடித்தார்கள்; தங்கள் தடத்தைத் தாங்களே குறுக்காகக் கடந்தும், நேராகப் போவதாகவே நம்பினார்கள். கண்ணைக் கட்டிவிட்டபோது சிலர் 20 மீற்றர் விட்டமுள்ள வட்டத்துக்குள்ளேயே சுற்றினார்கள். ஒரு கால் மற்றதைவிட நீளம் என்பதால் அல்ல. அதையும் சோதித்துத் தள்ளிவிட்டார்கள். எது நேர் என்று மூளை வைத்திருக்கும் கணக்கு அடிக்கு அடி சிறிது சிறிதாகப் பிசகுகிறது. வெளியே ஒரு குறி இல்லாவிட்டால் அந்தப் பிசகைத் திருத்த ஆளில்லை.

இதோடு நம் நாட்டுக்குரிய ஒன்றையும் சேர்த்துப் பாருங்கள். உச்சிப்பொழுதில் காட்டுக்குள் திரியாதே, அது முனி நடமாடும் நேரம் என்று வன்னியில் எல்லா வீட்டிலும் சொல்லுவார்கள். வன்னி ஏறக்குறைய 9 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும், மீண்டும் ஓகஸ்ட் கடைசியிலும் சூரியன் நண்பகலில் நேரே தலைக்கு மேல் வந்து நிற்கும். நிழல் காலடிக்குள் ஒளிந்துகொள்ளும். கிழக்கு எது, மேற்கு எது என்று சொல்ல வானத்தில் ஒன்றுமே இல்லாத ஒரு மணி நேரம் அது. அந்த நேரத்தில் நடப்பவன் வட்டமடிப்பான். வெயிலில் நாவரண்டு, தலை சுற்றி, புதரெல்லாம் உருவமாகத் தெரியவும் தொடங்கும். முனியின் பெயரைச் சொல்லி, அந்த ஒரு மணி நேரம் எங்களை நிழலில் உட்கார வைத்தார்கள். இதை விளங்கிக்கொண்ட நாளில் அப்பு உயிரோடு இல்லை. இருந்திருந்தால் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன்.

வழி தவறினால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: உட்காருங்கள். தண்ணீர் குடியுங்கள். நிழல் ஒரு பக்கம் சாயும்வரை எழும்பாதீர்கள்.

காரணமே இல்லாமல் நெஞ்சு அதிர்ந்தது, மயிர்க்கூச்செறிந்தது, யாரோ பார்ப்பதுபோல் இருந்தது. எதையும் காணவில்லை. இது எப்படி?

இதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. நான் அறிந்த விளக்கங்களில் என்னை மிகவும் தொட்டதும் அதுதான்.

1984இல் கேற்றி பெய்ன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகர விலங்குக் காட்சிச்சாலையில் யானைக் கூண்டுகளின் அருகே இருந்தார். காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் காற்றில் ஒரு துடிப்பு இருப்பதை உடம்பு உணர்ந்தது. சிறு வயதில் தேவாலயத்தில் பெரிய ஓர்கன் வாத்தியத்தின் அடிக்குரல் குழாய் முழங்கும்போது உணர்ந்த அதே துடிப்பு என்று அவருக்கு நினைவு வந்தது. பிறகு கருவிகளோடு வந்து பதிவு செய்தார். யானைகள் மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தன. நமக்குக் கேட்கும் கீழெல்லை ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 20 அதிர்வு. அவற்றின் பேச்சு அதற்கும் கீழே இறங்குகிறது. அந்த ஒலியை மரங்கள் அதிகம் தடுப்பதில்லை, அது கிலோமீற்றர் கணக்கில் போகும். மாலையில் நிலம் குளிர்ந்து மேலே காற்று சூடாக இருக்கும்போது இன்னும் தூரம் போகும்.

இங்கிலாந்தில் விக் டாண்டி என்ற பொறியியலாளர், பேய் இருப்பதாகச் சொல்லப்பட்ட தன் ஆய்வுகூடத்தில் ஒரு காற்றாடி 19 ஹெர்ட்ஸ் அளவில் அதிர்ந்துகொண்டிருந்ததைக் கண்டுபிடித்து 1998இல் எழுதினார். அதை நிறுத்தியதும் அங்கிருந்தவர்களைப் பிடித்திருந்த கலக்கமும் போய்விட்டது. அந்த ஒலியளவும் யானையின் பேச்சளவும் அடுத்தடுத்த வீடுகள்.

முத்தையன்கட்டுக் குளத்துப் பக்கத்தில் ஒரு மாலை எங்கள் ஆறு பேருக்கும் ஒரே நேரத்தில் நடை நின்றது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஒரு பெண்பிள்ளை காரணம் தெரியாமல் அழுதாள். திரும்பிவிட்டோம். மறுநாள் காலை அதே வழியில் போனபோது, நாங்கள் நின்ற இடத்திலிருந்து நூறு மீற்றர் அளவு தள்ளி மரக்கிளை முறிந்து, பட்டை உரிந்து, சூடாறாத இலத்தி கிடந்தது. குட்டியோடு ஒரு கூட்டம் இரவெல்லாம் அங்கே நின்றிருக்கிறது. யானையின் பாதத்தில் மெத்தை போன்ற கொழுப்புத் திசு இருப்பதால் அது நடப்பது கேட்காது. பெரியப்பா காட்டுக்குள் யானை என்று பெயர் சொல்லமாட்டார், "பெரியவர்" என்றுதான் சொல்லுவார். "பெரியவர் பேசினால் உனக்குக் காதில் கேட்காது, நெஞ்சில் கேட்கும்" என்று சிறுவயதில் அவர் சொன்னதை நான் ஒரு பேச்சழகு என்று நினைத்திருந்தேன்.

யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்த்தால் யாருமில்லை.

கிளையோடு கிளை உரசும் சத்தத்திலும், தூரத்துக் கோயில் ஒலிபெருக்கியின் துண்டுகளிலும், மனித மூளை முதலில் தேடுவது தன் பெயரைத்தான். சந்தை இரைச்சலிலும் நம் பெயர் மட்டும் தனியே காதில் விழுவது இதனால்தான். தனிமையில் அந்தத் தேடல் இன்னும் கூர்மையாகிறது.

மூன்று தரம் கூப்பிட்டாலொழியப் பதில் சொல்லாதே என்ற பழைய சொல்லை நான் கடைப்பிடிக்கிறேன். மனிதன் என்றால் மூன்றாம் முறையும் கூப்பிடுவான். காட்டுக்குள் எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அழைப்பதில்லை, கூக்காட்டுவார்கள். நீளமாக ஒரு கூ, பதிலுக்கு ஒரு கூ. அது எதிரொலியோடு குழம்பாது, காற்று அதைத் தின்னாது. கூட்டிச் செல்பவர்களுக்கு நான் முதலில் கற்பிப்பது இதைத்தான்.

இரவில் பெண் அலறுவது போன்ற ஒரு கத்தல் கேட்டது. போய்ப் பார்க்கவா?

பறவையாக இருக்கலாம். சிங்கள மக்கள் உலமா என்று சொல்லும் அந்தக் குரலுக்குக் குழந்தையை இழந்த தாயின் கதை ஒன்று உண்டு. வயிற்றில் புள்ளிகளுள்ள பெரிய கொம்பன் ஆந்தைதான் அப்படிக் கத்துகிறது என்பது பறவை ஆய்வாளர் பலரின் முடிவு. நரியும் கத்தும், மயிலும் இரவில் கத்தும்.

ரொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயக் கைதி கண்டி இராச்சியத்தில் 19 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர். இரவில் நாய் குரைப்பதுபோன்ற கூர்மையான ஒரு குரல் கேட்கும், அது பிசாசின் குரல் என்று ஊரார் சொல்வார்கள், தானும் பலமுறை கேட்டேன் என்று எழுதிவைத்தார். அவரே 1679இல் ஒரு தோழருடன் தப்பி, அருவியாற்றங்கரைக் காடுகள் வழியாக மன்னாரின் அரிப்புக் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். பிசாசின் குரல் கேட்ட நாட்டிலிருந்து அவருக்கு விடுதலை தந்ததும் ஒரு காடுதான். இந்த ஓர் எண்ணத்துக்காகவே அருவியாற்றைக் கடக்கும்போதெல்லாம் சற்று நின்றுவிட்டுப் போவேன்.

ஆனாலும் கேள்விக்கு நேரான பதில்: உண்மையில் ஒரு பெண் ஆபத்தில் இருக்கவும் கூடும். தனியே போகாதீர்கள், அலட்சியமும் செய்யாதீர்கள். கூக்காட்டுங்கள், விளக்கை ஆட்டுங்கள், பக்கத்து வீட்டை எழுப்புங்கள், 119க்கு அழையுங்கள்.

கொள்ளிவாய்ப் பிசாசை நீங்கள் கண்டிருக்கிறீர்களா?

கண்டிருக்கிறேன், அல்லது கண்டவர்கள் எதைக் கண்டார்களோ அதைக் கண்டிருக்கிறேன். மாரி முடிந்து சேறு மணக்கும் குளத்து அலைகரையில், முழங்கால் உயரத்தில், நீலம் கலந்த ஒரு மங்கிய வெளிச்சம். அழுகும் புல்லிலிருந்தும் இலையிலிருந்தும் மீதேன் வாயு வருகிறது என்பது 1776இல் இத்தாலிய விஞ்ஞானி வோல்ற்றா ஒரு ஏரிக்கரைச் சேற்றில் அதைப் பிடித்துக் காட்டிய நாள்முதல் தெரிந்ததே. அது தானாக எப்படித் தீப்பற்றுகிறது என்பதில்தான் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் தர்க்கம்.

அந்த வெளிச்சம் பின்தொடர்ந்தது என்று சொல்பவர்களுக்கு: இருளில் ஒரே ஒரு ஒளிப்புள்ளியை உற்றுப் பாருங்கள். அது ஆணியடித்த விளக்காக இருந்தாலும் சற்று நேரத்தில் அசையத் தொடங்கும். சுற்றிலும் ஒப்பிட ஒன்றும் இல்லாதபோது கண் செய்யும் வேலை இது. தூரத்துக் காவல் கொட்டிலின் அரிக்கன் லாம்பு ஒன்று எங்களை அரை மணி நேரம் துரத்தியிருக்கிறது.

பனிக்காலையில் குளக்கட்டில் நின்றபோது எதிரே ஒரு பேருருவம், தலையைச் சுற்றி ஒளிவட்டம். யார் அது?

நீங்கள்தான். தையிலும் மாசியிலும் சூரியன் முதுகுக்குப் பின்னால் தாழ்வாக இருக்க, தண்ணீரின் மேல் கிடக்கும் பனியில் உங்கள் நிழல் விழுகிறது. ஜேர்மனியின் புரொக்கன் மலையில் இதையே பேயாகக் கண்டு பெயர் வைத்தார்கள். புல்லில் பனித்துளி இருந்தால் நிழலின் தலையைச் சுற்றி வெள்ளொளி படரும். பக்கத்தில் நிற்பவருக்கு அவர் தலையைச் சுற்றித்தான் அது தெரியும், உங்களுடையதைச் சுற்றி அல்ல. கண்டால் பயப்படாதீர்கள், நின்று பாருங்கள். ஐந்து நிமிடத்தில் வெயில் ஏறி அழிந்துவிடும்.

எங்களோடு இன்னொருவர் நடந்து வந்தார் என்று நிச்சயமாக உணர்ந்தோம். ஆட்களை எண்ணினால் ஒருவர் குறைகிறார்.

1916இல் துருவப் பயணி ஏர்னஸ்ட் ஷாக்கில்டன் இரு தோழர்களுடன் தென் ஜோர்ஜியாத் தீவின் பனிமலைகளை 36 மணி நேரம் கடந்தார். தாங்கள் மூவர் அல்ல, நால்வர் என்று தோன்றிக்கொண்டே இருந்ததாகப் பின்னர் எழுதினார். 1933இல் எவரெஸ்டில் தனியே ஏறிய பிராங்க் ஸ்மைத், கையிலிருந்த இனிப்பை இரண்டாக உடைத்துப் பாதியைப் பக்கத்தில் இருந்தவருக்கு நீட்டத் திரும்பினார். பக்கத்தில் யாருமில்லை. சுவிற்சர்லாந்தில் 2006இல் ஒரு நோயாளியின் மூளையில், காதுக்கு மேற்பட்ட ஒரு குறிப்பிட்ட இடத்தை மின்னோட்டத்தால் தூண்டியபோது, தனக்குப் பின்னால் ஒரு நிழல் மனிதன் இருப்பதாக அந்தப் பெண் சொன்னார். அவர் குனிந்தால் நிழலும் குனிந்தது. தன் உடம்பு இருக்கும் இடத்தைப் பற்றிய கணக்கை மூளை தவறாக இன்னொரு உடம்புக்கு எழுதிவிடுகிறது என்பது ஆய்வாளர் விளக்கம்.

எங்கள் பக்கத்தில் இதற்குக் கதிர்காமப் பாதயாத்திரைக்காரரைக் கேளுங்கள். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் தொடங்கி, வற்றாப்பளைக் கண்ணகி அம்மனைக் கும்பிட்டு, கிழக்குக் கரையோரமாக ஒரு மாதத்துக்கும் மேலாக நடந்து, குமுக்கன் ஆற்றைத் தாண்டி யாலக் காட்டுக்குள் இறங்கும் நடை அது. எங்கள் ஊரில் அதற்குப் போய் வந்த மூன்று முதியவர்களை எனக்குத் தெரியும். மூவரும் தனித்தனியே சொன்னார்கள்: தண்ணீர் தீர்ந்து கால் வெடித்த நாளில் ஒரு சிறுவனோ கிழவரோ சற்று முன்னால் நடந்தார், வழி காட்டினார், பிறகு காணவில்லை. முருகன் என்றார்கள். ஷாக்கில்டனும் தம்மோடு வந்ததைத் தெய்வத் துணை என்றுதான் கருதினார்.

மூளையின் கணக்குப் பிழை என்ற விளக்கத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பிழை இத்தகைய நடைகளில் ஏன் துணையாக வருகிறது, சாகக் கிடப்பவனை ஏன் எழுப்பி நடத்துகிறது என்பதை அந்த விளக்கம் தொடவில்லை. கும்பிட்டவர்கள் கும்பிடட்டும். அவர்களை நான் திருத்தப் போவதில்லை.

பரணில் காவல் படுத்தவரை ஏதோ நெஞ்சில் ஏறி அமுக்கியது என்கிறார்.

தூக்கத்தில் கனவு காணும்போது உடம்பு அசையாதபடி மூளை கட்டிவைக்கிறது. கட்டு அவிழும் முன் விழிப்பு வந்தால் இப்படித்தான் இருக்கும். மல்லாந்து படுப்பவர்க்கும், தூக்கம் கெட்டவர்க்கும் அதிகம் வரும். பன்றிக்குக் காவல் இருப்பவனுக்கு இரண்டும் உண்டு. ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். பழைய கதைகளில் காய்ச்சலின் பங்கையும் மறக்கக்கூடாது. மலேரியா வன்னி ஊர்களையே வெறிதாக்கிய காலத்தில் காட்டிலிருந்து வந்தவன் இரவில் பிதற்றினால் பேய் அடித்துவிட்டது என்றார்கள். இலங்கை மலேரியா ஒழிந்த நாடென்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றளித்தது. அதன்பின் அத்தகைய பேய்க்கதைகள் என் காதுக்கு வருவது குறைந்துவிட்டது.

நடுக்காட்டில் சோறு வேகும் வாசம், ரம்பை இலை வாசம்?

மரநாய். அது அடையாளம் வைத்துப்போன மரத்தடியில் அப்படித்தான் மணக்கும்.

காட்டுக்குள் நுழையும்போது குழை முறித்துப் போடுவது மூடநம்பிக்கை இல்லையா?

காட்டு வாசலில் ஒரு மரத்தடியில் கல் இருக்கும். ஐயனார் என்பார்கள், சில இடத்தில் வைரவர், சில இடத்தில் பிள்ளையார். ஒரு குழையை முறித்து அங்கே போட்டு, "போய் வருகிறோம், பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டு நுழைவோம். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் வாகனத்தை நிறுத்தித் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு இதன் உள்ளம் தெரியும்.

தேடிப் போகிறவர் அந்தக் கல்லடியில்தான் முதலில் பார்ப்பார். எத்தனை குழை என்றால் எத்தனை பேர். வாடியிருக்கும் அளவைக் கொண்டு எந்த நேரம் போனார்கள் என்று தெரியும். திரும்பி வந்தவர் தன் குழையை எடுத்து எறிந்துவிடுவது எங்கள் ஊர் வழக்கம். மிஞ்சிக் கிடக்கும் குழைக்கு உரியவர் இன்னும் உள்ளே இருக்கிறார். கைத்தொலைபேசி அலை எட்டாத காட்டில் இதைவிடச் சிறந்த பதிவேட்டை நான் காணவில்லை. அதற்காக, இது பதிவேடு மட்டும்தான் என்று சொல்லவும் எனக்கு மனமில்லை. குழையைப் போட்டுவிட்டு நிமிரும்போது என் நடையே மாறிவிடுகிறது. உள்ளே விருந்தாளியாகப் போகிறேன்.

போரில் இறந்தவர்களின் குரல் கேட்கிறது என்கிறார்கள். அதற்கும் விளக்கம் சொல்வீர்களா?

சொல்லமாட்டேன்.

மற்றக் கேள்விகளில் நான் தேடுவது காரணத்தை. இங்கே காரணம் எல்லோருக்கும் தெரியும். 2009 வரை இந்தக் காடுகள் வழியாக மக்கள் ஓடினார்கள், பதுங்கினார்கள், தங்கள் பிள்ளைகளைப் புதைத்துவிட்டு மேலே நடந்தார்கள். 2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய்க்கு மண் வெட்டியபோது மனித எலும்புகள் வெளிவந்தன. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் பதில் கேட்டுத் தெருவோரம் உட்கார்ந்தார்கள். மகன் வருவான் என்று காத்திருந்தே அவர்களில் பலர் இறந்தும் போனார்கள். அப்படிப்பட்ட ஒரு தாய் காட்டோரத்தில் நின்று, மகன் "அம்மா" என்று கூப்பிட்டது கேட்டது என்று சொன்னால், கிளை உரசும் சத்தம் என்று பதில் சொல்லும் வாய் எனக்கு இல்லை. சேர்ந்து நின்று கேட்கத்தான் முடியும்.

பொழுதுபோக்காகப் பேய் தேட வருகிறோம், பாழடைந்த ஊர்களைக் காட்டுங்கள் என்று கேட்பவர்களை நான் கூட்டிச் செல்வதில்லை. அவை ஒருவரின் வீடுகள். முற்றத்து மாமரத்துக்குப் பெயர் வைத்தவர்கள் எங்கோ உயிரோடு இருக்கிறார்கள்.

நடக்கும்போது எலும்போ உடையோ கண்ணில் பட்டால் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு வந்து கிராம அலுவலரிடமும் பொலிஸிடமும் சொல்லுங்கள். அது யாரோ ஒருவர் தேடிக்கொண்டிருக்கும் ஆளாக இருக்கலாம்.

தனியே போகலாமா? எதைக் கவனிக்க வேண்டும்?

போகக்கூடாது. பேய்க்காக அல்ல. இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் 2017இல் சேர்ந்தது. அகற்றும் வேலை வன்னியில் இன்னும் முடியவில்லை. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை கண்டால் வந்த காலடியிலேயே திரும்புங்கள். பலகை இல்லாத இடத்திலும் மாடு நடந்த பாதையை விட்டு விலகாதீர்கள். ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள், ஒதுக்கக் காடு என்றால் திணைக்கள அனுமதி எடுங்கள். ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர், ஒரு டோர்ச், ஒரு விசில். மாலை 4 மணிக்குள் வெளியே. நோயாளர் காவுவண்டிக்கு 1990. ஆனால் அது வீதிவரைதான் வரும். அதுவரை சுமக்க ஆள் வேண்டும்.

உங்களுக்கே விளங்காத அனுபவம் ஏதாவது உண்டா?

ஒன்று உண்டு. மீள்குடியேறி இரண்டு மூன்று ஆண்டுகள் இருக்கும். ஆடி மாதம். பட்டியை உடைத்துக்கொண்டு போன நாலு மாடுகளைத் தேடி நானும் பெரியப்பாவும் நெடுங்கேணிப் பக்கம் போய்ப் பொழுது பட்டுவிட்டது. உடைந்துகிடந்த ஒரு சின்னக் குளத்தின் கட்டில் படுத்தோம். காற்று அசையவில்லை, சோளகம் அன்று மாலையே விழுந்துவிட்டது. நடுச்சாமத்தில், கிணற்றில் நீர் இறைக்கும் துலாவின் சத்தம் கேட்டது. நீர் அள்ளும் பட்டை கீழே போகும்போது ஒரு கிரீச்சல், தண்ணீரில் விழும் ஒலி, பாரத்தோடு ஏறும்போது அதைவிட நீண்ட இன்னொரு கிரீச்சல். துலா மிதித்து இறைத்த வீட்டில் பிறந்தவனுக்கு அதை வேறெதோடும் குழப்ப வராது. மூன்று முறை கேட்டது. நான் எழும்பி உட்கார்ந்தேன். பெரியப்பா கண் திறக்காமலே, "படு தம்பி. யாரோ தண்ணீர் அள்ளுகிறார்கள்" என்றார்.

விடிந்ததும் அந்தத் திசையில் போனோம். இருபது முப்பது வீடுகள் இருந்திருக்க வேண்டிய இடம். அத்திவாரங்களுக்குள் மரம் வளர்ந்திருந்தது. கிணறு இருந்தது. வாயை மூடிக் கொடி படர்ந்து, உள்ளே பாதிக்கு மேல் மண் தூர்ந்து, அடியில் காய்ந்த சருகு. துலா இல்லை, துலா நட்ட ஆடுகால் இருந்த குழி மட்டும் இருந்தது. உரசக்கூடிய மரக்கிளை எதுவும் பக்கத்தில் இல்லை. ஆந்தை, தவளை, மூங்கில், தூரத்து வண்டி என்று இத்தனை ஆண்டுகளாக ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துவிட்டேன். ஒன்றும் பொருந்தவில்லை.

பெரியப்பா சால்வையை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். போத்தலில் மிச்சமிருந்த தண்ணீரில் எனக்கு ஒரு மிடறு தந்து, தான் ஒரு மிடறு குடித்து, மீதியைக் கொடிகளை விலக்கிக் கிணற்றுக்குள் ஊற்றினார். மாடுகள் மூன்று அன்று மத்தியானம் கிடைத்தன.